விப்பிள் ஆபரேஷனை வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்துகொள்ளலாமா?

வாசகர் கேள்வி: டாக்டர், நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 63 வயது, காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். போன மாதம் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தோம், குறையவில்லை. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி இருப்பதாகச் சொன்னார்கள். பித்தக்குழாய் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்த பிறகு காமாலை இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் ஆபரேஷன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை இருக்கிறது, அங்கேயே செய்யலாம் என்கிறார்கள். "இதுவரைக்கும் நாலு கேஸ் பண்ணியிருக்கோம், நாலு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் அங்குள்ள மக்கள் தொடர்பு அலுவலர் (பி.ஆர்.ஓ.). சர்ஜன் வெளியிலிருந்து வந்து செய்துவிட்டுப் போவாராம். ஜெர்மனியில் இருக்கும் என் கொழுந்தனாரோ, வருடத்துக்கு 20 செய்யாத மருத்துவமனையில் அங்கே இந்த ஆபரேஷனே செய்ய முடியாது, யோசித்துச் செய்யுங்கள் என்கிறார். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? அம்மாவுக்குத் தூரமாகப் போகப் பயம். என் கம்பெனி இன்சூரன்ஸில் அப்பாவுக்கு 5 லட்சம் இருக்கிறது. எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனிடம் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா?

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். கணையம், கல்லீரல், குடல் ஆபரேஷன்தான் என் தொழில். என்னிடம் இதைக் கேட்கும் குடும்பங்கள் மீது எனக்குக் கோபம் வந்ததே இல்லை, கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கும். வேலை தெரிந்த சர்ஜனுக்குத் தன் எண்ணிக்கை மனப்பாடமாகத் தெரியும், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதும் தெரியும். அதைக் கேட்டதற்கே ஒருவர் முகம் சுளித்தால், அங்கே அப்பாவை விடவேண்டாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

இப்போது உங்கள் கொழுந்தனார் சொன்ன விஷயம். அவர் சொல்வது சரி. ஜெர்மனியில் 2004 முதல் சில ஆபரேஷன்களுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒரு விதி இருக்கிறது. டாக்டர்கள், மருத்துவமனைகள், இன்சூரன்ஸ் நிதியங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டுக்குழு அந்த எண்ணை முடிவு செய்கிறது. கணையத்துக்கு முன்பு 10 என்று இருந்தது, இப்போது 20. உணவுக்குழாய்க்கு 10 என்று இருந்ததை 26 ஆக்கிவிட்டார்கள். கல்லீரல் மாற்றுக்கு 20, சிறுநீரக மாற்றுக்கு 25, முழங்கால் மூட்டு மாற்றுக்கு 50. 1250 கிராமுக்கும் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளைப் பார்க்கும் இடத்துக்குக்கூட வருடத்துக்கு 25 என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 7ஆம் தேதிக்குள், அடுத்த வருடம் எங்களால் அந்த எண்ணிக்கையைத் தொடமுடியும் என்று மருத்துவமனை இன்சூரன்ஸ்காரர்களிடம் கணக்கோடு காட்டவேண்டும். காட்டமுடியவில்லை என்றால் அந்த ஆபரேஷனுக்குப் பணம் வராது. தண்டனை அவ்வளவுதான், ஆனால் பணம் வராத ஆபரேஷனை எந்த மருத்துவமனை செய்யும்?

சட்டம் வந்த அன்றே அங்கே எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். விதிவிலக்குகளைப் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் குறைந்த எண்ணிக்கையிலேயே ஓட்டிய மருத்துவமனைகள் நிறைய. முழங்கால் மூட்டுக்கான 50 நீதிமன்றம் வரை போய், சில வருடங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, 2015இல்தான் மறுபடி நடைமுறைக்கு வந்தது. கிடுக்கிப்பிடி பிற்பாடு வந்ததுதான்.

நெதர்லாந்திலும் கணையத்துக்கு 20தான். உணவுக்குழாய்க்கு 2006இல் 10 என்று தொடங்கி 2011இல் 20 ஆக்கினார்கள். பிரான்ஸில் புற்றுநோய் ஆபரேஷன் செய்ய அனுமதி வேண்டுமென்றால் எண்ணிக்கை காட்டவேண்டும், மார்பகத்துக்கு 30 என்று இருந்ததை 70 ஆக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கணைய ஆபரேஷனுக்கு நாடு முழுவதற்குமான சட்டம் கிடையாது. ஊழியர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டுகிற பெரிய கம்பெனிகள் சேர்ந்து 2000இல் லீப்ஃப்ராக் என்று ஓர் அமைப்பைத் தொடங்கின, அது மருத்துவமனைகளிடம் எண்ணிக்கை கேட்டு வெளியிடுகிறது. விரும்பியவர்கள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் தொடை வழியாகக் குழாய் விட்டு இதய வால்வு மாற்றும் சிகிச்சைக்கு மட்டும், முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் கறாராக இருக்கிறது. அதைப் புதிதாகத் தொடங்கும் மருத்துவமனை முந்தைய வருடம் குறைந்தது 50 திறந்த இதய ஆபரேஷனாவது செய்திருக்கவேண்டும், இல்லையென்றால் பணம் கிடையாது.

நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் சட்டப்படி பதிவு செய்த மருத்துவமனை, தகுதியுள்ள சர்ஜனும் தியேட்டரும் ஐசியூவும் வைத்திருந்தால், வருடத்துக்கு ஒரே ஒரு விப்பிள் செய்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். முதல்வர் காப்பீட்டுத் திட்டமானாலும் தனியார் இன்சூரன்ஸானாலும் மருத்துவமனையைப் பட்டியலில் சேர்க்கும்போது படுக்கை, கருவி, டாக்டர்களின் படிப்பு இதையெல்லாம்தான் பார்க்கிறார்கள். மருத்துவக் கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கும்போது எத்தனை ஆபரேஷன் நடக்கிறது என்று எண்ணுவது உண்டு, ஆனால் அது மாணவர்களுக்குப் பயிற்சி போதுமா என்று தெரிந்துகொள்ள. படிக்கிற பிள்ளைகளுக்காக எண்ணத் தெரிந்த நமக்கு, படுத்திருக்கும் நோயாளிக்காகவும் எண்ணத் தெரியவேண்டும். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். சட்டம் வரும்வரை அந்த எண்ணைக் கேட்கிற வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது.

ஏன் எண்ணிக்கைக்கு இவ்வளவு முக்கியத்துவம்? 1979இல் அமெரிக்காவில் 1498 மருத்துவமனைகளில் 12 வகை ஆபரேஷன்களை எடுத்து ஒப்பிட்டார்கள். இதய ஆபரேஷன் போன்ற சிலவற்றில், அதிகம் செய்யும் இடங்களில் இறப்பு குறைவாக இருந்தது. 2002இல் அமெரிக்க சர்ஜன் பர்க்மேயரின் குழு மெடிகேர் நோயாளிகளின் கணக்கை வைத்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. கணையத்தை வெட்டி எடுக்கும் ஆபரேஷனில், வருடத்துக்குச் சராசரியாக ஒன்றுகூடச் செய்யாத மருத்துவமனைகளில் நூற்றுக்கு 16.3 பேர் இறந்திருக்கிறார்கள். 16க்கு மேல் செய்த இடங்களில் 3.8 பேர். அதே ஆய்வில் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கும் ஆபரேஷனைப் பார்த்தால் 1.7க்கு 1.5, கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. ஆக எல்லா ஆபரேஷனுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் அப்பாவுக்குப் பித்தப்பைக் கல்லோ குடலிறக்கமோ என்றால், அந்தப் பத்து நிமிட மருத்துவமனையிலேயே செய்யுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அவர் விஷயத்தில் நோய் கணையத்தில் இருக்கிறது, எண்ணிக்கை மிக அதிகமாகப் பேசுகிற இடம் அதுதான்.

அந்தப் பழைய கணக்குக்குப் பிறகு எல்லா இடத்திலும் இறப்பு குறைந்திருக்கிறது, நல்ல மையங்களில் இன்று நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. ஆனால் அதிகம் செய்யும் இடத்துக்கும் அபூர்வமாகச் செய்யும் இடத்துக்கும் உள்ள இடைவெளி மறையவில்லை. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பி.ஆர்.ஓ. இதையெல்லாம் சொல்லமாட்டார்.

விப்பிள் என்பது கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிட்டு, மீதமுள்ள கணையத்தையும் பித்தக்குழாயையும் இரைப்பையையும் சிறுகுடலோடு மூன்று இடத்தில் தைத்து இணைப்பது. ஐந்து, ஆறு மணி நேரமாவது ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். கை தேர்ந்த சர்ஜன் தைத்தாலும் கணையத்தில் போட்ட தையல் சிலருக்குக் கசியும். கணைய நீர் சதையையே செரித்துவிடக்கூடியது. அது உள்ளே தேங்கிப் பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாயை அரித்தால், ஏழாம் நாளோ பத்தாம் நாளோ, எல்லாம் நன்றாகப் போகிறது, நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று நினைக்கும் சமயத்தில் ரத்தம் கொட்டும். பெரும்பாலும் அதற்குச் சில மணி நேரம் முன்பு வயிற்றிலிருந்து நீர் வடிய வைத்த குழாயின் (ட்ரெயின்) பையில் கொஞ்சமாக, ஒரு ஸ்பூன் அளவு சிவப்பாக வரும். அதைப் பார்த்ததும் இது எச்சரிக்கை என்று புரிந்துகொள்ளும் நர்ஸ் வேண்டும், அவர் கூப்பிட்டால் இரவு இரண்டு மணிக்கும் எழுந்து வரும் டாக்டர் வேண்டும், உடனே சிடி எடுத்து, ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ செய்து, தொடை வழியாகப் போய் அந்த ரத்தக்குழாயை அடைக்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் வேண்டும், ரத்தம் தயாராக இருக்கவேண்டும். அதிகம் செய்யும் இடத்திலும் கசிவு வரும், குறைவாகச் செய்யும் இடத்திலும் வரும், அதில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. வந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவதில்தான் வித்தியாசம். நாலு கேஸ் பார்த்த வார்டில் அந்த ஒரு ஸ்பூன் சிவப்பை முன்பே பார்த்த நர்ஸ் இருக்க வாய்ப்பு குறைவு. அந்த நர்ஸ் மேல் குறை சொல்ல எதுவுமில்லை, பார்த்திராததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதனால்தான் வெளியிலிருந்து வரும் சர்ஜன் என்பது எனக்கு நெருடுகிறது. அவர் தன் சொந்த மருத்துவமனையில் நூறு செய்தவராகவே இருக்கட்டும், கை அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் ஆபரேஷன் முடித்துவிட்டு அவர் கிளம்பிய பிறகு பத்து நாள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப்போவது அங்கே இருக்கும் டியூட்டி டாக்டரும் ஐசியூவும்தான். ஜெர்மனியில் சர்ஜனை எண்ணாமல் மருத்துவமனையை, அதுவும் ஒரே நிர்வாகத்துக்கு நாலு கிளை இருந்தால் ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். காரணம் இதுதான். அந்தச் சர்ஜன்மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அவரிடமே கேளுங்கள்: "சார், நீங்க வழக்கமா எந்த ஆஸ்பத்திரியில இதைப் பண்றீங்களோ அங்கேயே வந்துடறோம்." இப்படிக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. பெரும்பாலான சர்ஜன்கள் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம் அந்த "நாலு பேரும் நல்லா இருக்காங்க". அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்கு அர்த்தம் மிகக் குறைவு. நூற்றுக்குப் பத்துப் பேர் இறக்கிற ஒரு மோசமான இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேகூட முதல் நாலு பேரும் பிழைத்துவிட கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது, வேண்டுமானால் 0.9ஐ நாலு தடவை பெருக்கிப் பாருங்கள், 0.66 வரும். அதனால் நாலு கேஸை வைத்து ஓர் இடத்தை நல்லது என்றும் சொல்லமுடியாது, கெட்டது என்றும் சொல்லமுடியாது.

எண்ணிக்கை மட்டுமே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. 18 செய்யும் இடம் மோசம், 20 செய்யும் இடம் நல்லது என்று எந்தக் கோடும் கிடையாது. எண்ணிக்கையைத் தொடுவதற்காகத் தேவையில்லாதவர்களுக்கும் ஆபரேஷன் செய்துவிடுவார்களோ என்ற பயம் ஜெர்மனியிலேயே உண்டு, முழங்கால் விஷயத்தில் அது நியாயமான பயம். எல்லாரும் இருபது கேட்டால் புதிதாக ஒருவர் எப்படித் தொடங்குவார் என்றும் கேட்பார்கள். நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் 1975இல் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தபோது இங்கே யாரிடமும் எண்ணிக்கை இல்லைதான். ஆனால் அவர் அதற்கு முன்பே வெளிநாட்டில் இதய ஆபரேஷன் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர், அங்கே இதய ஆபரேஷனுக்கென்றே ஒரு குழுவைக் கட்டி வளர்த்தார். புதிதாகத் தொடங்கும் மருத்துவமனைக்கு ஜெர்மனியிலும் கால அவகாசம் கொடுக்கிறார்கள். எப்போதோ ஒரு கேஸ், ஆளும் வெளியாள் என்ற நிலையில் அப்படி ஒரு குழு உருவாகாது.

தூரம் பற்றிய உங்கள் அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்திலேயே இது பெரிய சண்டையாக இருந்தது. பிரிஸ்டல் நகரத்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன் பற்றி நடந்த விசாரணையின் அறிக்கை 2001இல் வந்தது. 1991க்கும் 1995க்கும் இடையில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் வரை கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. அதன் பிறகு, குழந்தை இதய ஆபரேஷனைக் குறைந்த மையங்களில் குவிக்கவேண்டும், ஒவ்வொரு மையத்திலும் நாலு சர்ஜன், வருடத்துக்கு 400 ஆபரேஷனாவது இருக்கவேண்டும் என்று 2012இல் ஒரு திட்டம் போட்டார்கள். எங்கள் ஊர் மையத்தை மூடாதே என்று லீட்ஸ் மக்கள் கிளம்பினார்கள், வழக்கு நடந்தது, 2013இல் திட்டம் கைவிடப்பட்டது. மையத்தை மூடினால் அந்தப் பெற்றோர்கள் வேறு ஊருக்குத்தான் போகவேண்டும், அவர்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை. தண்டையார்பேட்டைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. மெட்ரோ ஏறினால் நேராக சென்ட்ரல், இறங்கினால் எதிரே ஜி.எச். அதைவிடப் பக்கத்தில் ஸ்டான்லி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திருவொற்றியூர் போய் வரும் நேரத்தில் இவற்றுக்குப் போய்விடலாம்.

ஸ்டான்லி என்றதும் உங்கள் வீட்டில் யாராவது "கவர்மென்ட் ஆஸ்பத்திரியா?" என்று இழுப்பார்கள் என்று தெரியும். இரைப்பை, குடல், கணைய ஆபரேஷனுக்கென்றே அங்கே தனித்துறை இருக்கிறது, கல்லீரல் மாற்றுகூடச் செய்திருக்கிறார்கள். பாத்ரூமும் கூட்டமும் சிரமம்தான், வார்டில் துணைக்கு ஒருவர் எப்போதும் இருக்கவேண்டியிருக்கும், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் கணையத்தை வாரம் தவறாமல் பார்க்கும் கண்கள் இப்படிப்பட்ட துறைகளில்தான் இருக்கும். தனியாரில்தான் என்றால் இன்சூரன்ஸ் நெட்வொர்க் பட்டியலை வாங்கி, அதில் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைக்கு முழுநேரக் குழு இருக்கும் இரண்டு பெரிய மருத்துவமனைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 லட்சம் போதுமா, கசிவு வந்து ஐசியூ நாட்கள் நீண்டால் பேக்கேஜுக்கு வெளியே எவ்வளவு ஆகும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், பணம் பெரும்பாலும் அங்கேதான் கரையும்.

எங்கே போனாலும் கேட்கவேண்டியது: போன வருடம் இந்த மருத்துவமனையில் எத்தனை விப்பிள் நடந்தது, அதில் ஆபரேஷனுக்குப் பிறகு 90 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள், அப்பாவுக்குச் செய்யப்போவது யார், ராத்திரியில் ரத்தக்கசிவு வந்தால் ஆஞ்சியோ செய்ய ஆள் இதே கட்டடத்தில் இருக்கிறாரா அல்லது ஆம்புலன்ஸில் வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். பதிலை பி.ஆர்.ஓ.விடம் வாங்காதீர்கள், சர்ஜனிடமே வாங்குங்கள். இருபதுக்கு மேல் என்றால் நிம்மதி, பத்துக்குப் பக்கம் என்றால் குழுவையும் ஐசியூவையும் பற்றி இன்னும் துருவிக் கேளுங்கள், "அப்பப்ப பண்ணுவோம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனையின் எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம், 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை, நேரில் கேட்பதே வேகம்.

நேரம் பற்றிப் பதற்றப்படவேண்டாம். காமாலை இறங்குவதற்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் ஆபரேஷன் செய்வோம். அதனால் இரண்டாவது கருத்து கேட்க ஒரு வாரம் செலவழித்தால் எதுவும் கெட்டுவிடாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. போகும்போது சிடி ஸ்கேனின் பிலிம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த டிஸ்கோ பென்டிரைவோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கட்டி ரத்தக்குழாயைத் தொடுகிறதா என்பதை நாங்கள் படத்தை ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். ஸ்டென்ட் வைத்த தேதி, அதற்கு முன் எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கீழாநெல்லி கொடுத்ததையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இனி கொடுக்கவேண்டாம், இது அடைப்பால் வந்த காமாலை. அப்பா பீடியோ சிகரெட்டோ பிடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, முட்டை, மீன், பருப்பு என்று நன்றாகச் சாப்பிடவிட்டு, தினமும் அரைமணி நேரம் நடக்கவையுங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் தூரம் பார்க்கக் கூடாது. காத்திருக்கும் இந்த நாட்களில் அப்பாவுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மறுபடி மஞ்சளானாலோ, ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது எண்ணிக்கை எல்லாம் யோசிக்கவேண்டாம், எந்த நேரமானாலும் அந்தப் பத்து நிமிட மருத்துவமனைக்கே ஓடுங்கள், முதலில் ஆன்டிபயாட்டிக் ஏறட்டும், பிறகு ஸ்டென்டை எங்கே மாற்றுவது என்று அங்கிருந்தே போனில் பேசிக்கொள்ளலாம்.